லாரிப்பேட்டையின் தூக்கம்

சங்ககிரியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் லாரிப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும், டயர் கிடைக்கும், பழைய இன்ஜின் கிடைக்கும், எந்நேரமும் சூடான புரோட்டா கிடைக்கும், நாக்பூருக்கோ கல்கத்தாவுக்கோ லோடு கிடைக்கும், தூக்கம் மட்டும் கிடைக்காது. அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் டிரைவர்கள், மீதிப் பேர் டிரைவராக இருந்து இடுப்பு போனவர்கள். வருஷக்கணக்கில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் வரும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் அடித்தும் பாட்டுப் போட்டும் கெட்ட வார்த்தை சொல்லியும் அதைத் துரத்தியதில், அது ரோஷப்பட்டு ஒரேயடியாகப் போய்விட்டது, வீட்டுக்கு வந்து பாய் விரித்து வா வா என்று கூப்பிட்டாலும் படியேறவில்லை. பெண்களுக்கோ வண்டி இப்போது எந்தக் காட்டில் போகிறதோ என்ற யோசனையிலேயே தூக்கம் போயிற்று. பேட்டைக்காரர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லிக்கொள்வதில்லை. சிவந்த கண்ணோடு ஒருத்தரையொருத்தர் பார்த்து, டீ சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்வார்கள்.

இருந்தவர்களிலேயே மோசமாகத் தூக்கம் கெட்டவன் அர்த்தநாரி. பாதி ஆயுசை லாரியில் கழித்துவிட்டு, இடுப்பு வலியால் இறங்கி, மனைவி வசந்தாமணியின் தார்ப்பாய்க் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டவன். லோடுக்கு மேலே போர்த்துகிற தார்ப்பாய் எந்த ஊரில் கிழிந்தாலும் அவளிடம்தான் வந்து சேரும். மோட்டார் வைத்த பெரிய தையல் மிஷினில், ஒட்டுப்போட்ட இடம் தெரியாதபடி, மழைத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்காதபடி தைப்பாள். ஊசியில் நூல் கோக்க யாரையும் விடமாட்டாள், அர்த்தநாரி கையை நீட்டினால்கூடத் தட்டிவிடுவாள். ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்து, இது நான் தைத்தது, அதுவும் நான் தைத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு தை மாதத்தில் அவளுக்கு இடது இமை துடித்தது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லதல்லவா, மகராசிக்கு என்னமோ யோகம் வருது என்று பேட்டையே சொல்லிற்று. அடுத்த வாரம் வலது இமை துடித்தது, பேட்டை பேச்சை மாற்றிக்கொண்டது. அதற்கடுத்து இரண்டும் சேர்ந்து துடித்தன. இரண்டும் சேர்ந்து துடித்தால் என்ன பலன் என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்காததால், எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள்.

மாசி வெயில் ஏறிய ஒரு முற்பகலில், அவள் தைத்துக்கொண்டிருந்தபோதே இரண்டு இமைகளும் இறுக்கிச் சாத்திக்கொண்டன. திறக்கப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க இன்னும் இறுகின. "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். அர்த்தநாரி மடித்துவைத்த தார்ப்பாய்களின் மேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எதிரே டீக்கடை ராஜாமணி ஆற்றின டீயைக் கையில் பிடித்தபடி தூங்கினார், பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கட்டிப் பிடித்துத் தூங்கினார், பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது, கோழிகள் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டன, பேட்டை முகப்பில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் ஒரு ஹாரன் இல்லை, ஒரு இருமல் இல்லை. வசந்தாமணி ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, தற்செயலாகப் புருவத்து ஓரத்தில் விரலை வைத்து அழுத்தியபோது இமைகள் தளர்ந்து திறந்தன, அந்தக் கணமே பேட்டை முழுக்க எழுந்து சோம்பல் முறித்தது.

"இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு" என்று ராஜாமணி சொன்னார். ஏன் தூங்கினோம் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றிவிட்டு வேறு போட்டார்.

இதே மாதிரி நாலைந்து தடவை நடந்ததும் கணக்குப் புரிந்துவிட்டது, வசந்தாமணியின் இமை இப்படி இறுகிச் சாத்தினால் பேட்டை தூங்கும், திறந்தால் எழுந்திருக்கும், எடைமேடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. லாரிக்காரர்கள் எதற்கும் சீக்கிரம் ஒரு ஒழுங்கு பண்ணிக்கொள்வார்கள். எடைமேடையில் சிவப்புத் துணி கட்டினார்கள், அதற்குள்ளே யாரும் வண்டி ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டோ நடந்தோதான் வர வேண்டும் என்றார்கள். கிணற்று மேட்டில் வேலி போட்டார்கள். அடுப்பு வேலையும் வெல்டிங் வேலையும் எடைமேடைக்கு அப்பால் போயின. டிரைவர்கள் லோடு ஏற்றும் நாளையே மாற்றி வைத்துக்கொண்டு தலையணையோடு வந்து இறங்கினார்கள், ராஜாமணி கடைக்கு முன்னால் கயிற்றுக் கட்டில் வரிசையாக விழுந்தது, ஆறு மாநிலம் தாண்டிப் போய் போர்வெல் போடும் வண்டிக்காரர்கள்கூட வந்து படுத்தார்கள். அது கனவில்லாத தூக்கம், காதுக்குள் இன்ஜின் இரையாத தூக்கம், எழுந்தால் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் பேட்டை வண்டி ஒன்றுகூடப் பள்ளத்தில் இறங்கவில்லை. பெண்கள் வசந்தாமணிக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஆண்கள் அவள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்கள்.

நாமெல்லாம் தூங்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் என்ன செய்வாள், பாவம். கண் தெரியாத ஒருத்திக்கு ஒரு கை வேண்டும், தண்ணீர்ப்பானை எங்கே என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அவளுக்குக் கண் தெரியாமல் போகிற நேரம் பார்த்துத்தான் ஊரில் ஒரு கையும் ஒரு குரலும் இல்லாமல் போயின. மழை வந்தால் நனைந்தபடி சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். புருவத்தை அழுத்தினால் முதலில் உடனே திறந்தது, பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது, வைகாசி வாக்கில் அழுத்தி அழுத்திப் புருவம்தான் வீங்கியது. ஒரு நாள் வழியில் கிடந்த ஜாக்கி தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். அர்த்தநாரிக்கு அப்போது மனசு நன்றாகத்தான் இருந்தது, மறுநாளே அவளைக் கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனான்.

அங்கே கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வசந்தாமணியின் இமைகள் இறுகுவதையும் தளர்வதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க. இமையை மூடுற தசைக்கு மூளையிலிருந்து தேவையில்லாம உத்தரவு வந்துக்கிட்டே இருக்கு. அந்தத் தசையைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க இமையைச் சுத்தி ஊசி போடணும். நாலஞ்சு நாள்ல வேலை செய்யும். ஆனா மூணு மாசம் போல்தான் நிக்கும், அப்புறம் திரும்பப் போட்டுக்கணும். விடக் கூடாது."

சின்னச் சின்ன ஊசிகளாக இரண்டு கண்ணைச் சுற்றியும் போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் வசந்தாமணி எழுந்து, மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரே தடவையில் நூலைக் கோத்துவிட்டுச் சிரித்தாள். பேட்டைக்காரர்கள் வந்து பார்த்து, சந்தோஷம் தாயி என்று சொன்னார்கள், மனசாரத்தான் சொன்னார்கள். பிறகு கட்டில்களை எடுத்து ஓரமாகச் சாத்தினார்கள், எடைமேடைத் துணியை அவிழ்த்தார்கள், டீக்கடையில் டீ அதிகமாக ஓடியது.

ஊசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அர்த்தநாரி சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். போர்வெல் வண்டி ஓட்டும் மாதேசு, அர்த்தநாரியிடம் கிளீனராக இருந்து வளர்ந்தவன், ஒரு நாள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஊசி எப்பங்ணா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆவணி பொறந்ததும் போவோணும்."

"ஓ" என்றான் மாதேசு. அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கி இருந்தது. அந்த "ஓ" அர்த்தநாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கேதான் அர்த்தநாரி, லாரிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தான். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டால் எந்த டிரைவரும் உடனே மாற்ற மாட்டான், இந்த லோடை இறக்கிவிட்டு மாற்றலாம், திரும்பி வரும்போது மாற்றலாம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பான், வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்காக இன்ஜின் நின்றுவிடுமா என்பான். ஊசியும் அது மாதிரிதானே, நாலு நாள் தள்ளிப்போட்டால் என்ன கெட்டுவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. மூன்று மாதமாக அவன் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஊருக்காக என்று சொல்லிக்கொண்டான், மாதேசுக்காக என்று சொல்லிக்கொண்டான், தனக்காக என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணி பிறந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுனேன் அம்மிணி" என்றான். "அந்த மருந்து ஐஸ்ல வெச்சு எங்கிருந்தோ வரோணுமாம். இப்பத்திக்கு இல்லியாம். ஒரு வாரம் பொறுங்கன்னாங்க."

"செரிங்க" என்றாள் வசந்தாமணி.

அவன் போனே பண்ணவில்லை. சொல்லி முடித்ததும் அவனுக்குக் காது சூடானது, தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து வெளியே போய்விட்டான்.

ஊசியின் வேகம் தணியத் தணிய இமைகள் முதலில் படபடத்தன, பிறகு நிமிஷக்கணக்கில் சாத்தின, பிறகு முற்பகல் முழுக்கச் சாத்தின. எடைமேடையில் துணி ஏறியது, கட்டில்கள் விழுந்தன, அர்த்தநாரி தார்ப்பாய் மடிப்பின் மேல் சாய்ந்து தூங்கினான். ஒரு வாரம் முடிந்ததும் டாக்டரம்மா லீவு என்றான். அடுத்த வாரம் மருந்து வந்தது கெட்டுப்போய்விட்டதாம் என்றான். ஒவ்வொரு தடவையும் அவள் செரிங்க என்றாள். ஏன், எப்படி என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் உளறியிருப்பான், அவள் கேட்கவில்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் குற்றவுணர்ச்சி அவனை ஆட்டிவைத்தது. அவளுக்குத் தண்ணீர் எடுத்துவைத்தான், தலை வாரிவிட்டான், சாதத்தைப் பிசைந்து கையில் கொடுத்தான், கண் தெரிகிற நேரத்திலும் கொல்லைக்குப் போகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். பேட்டைப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். பொண்டாட்டியை இப்படித் தாங்குகிற ஆம்பிளையை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று ஒருத்தி அவன் காதுபடச் சொன்னபோது, வாயில் இருந்த சோற்றோடு எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தான். ஆனால் அவள் இமைகள் சாத்தியதும் எல்லாம் போய்விடும், அவனும் தூங்குவான், அவன் குற்றமும் அவனோடு சேர்ந்து தூங்கும். அந்தத் தூக்கத்தில் அவனுக்குப் பிடித்ததே அதுதான்.

கண் தெரிகிற கொஞ்ச நேரத்தில் அவள் தைத்துவிடப் பார்ப்பாள். புரட்டாசியில் ஒரு நாள், மாதேசின் வண்டித் தார்ப்பாய்தான், பெடலில் கால் இருந்தபோதே இமைகள் சாத்திக்கொண்டன.

அர்த்தநாரி எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. கையை நீட்டி, சொடக்கு விட்டு, ஒரு நீளமான கொட்டாவி விட்டு, திரும்பிப் பார்த்தான். நீலத் தார்ப்பாயின் மேல் ரத்தம் ஒரு முழ அகலத்துக்குப் படிந்து, ஓரங்களில் காய்ந்து போயிருந்தது. வசந்தாமணி இடது கையில் முந்தானையைச் சுற்றி, அதை மார்போடு அணைத்தபடி, மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத் தூங்குனீங்களா?" என்றாள்.

மிஷின் ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து, எலும்பை ஒட்டி, தார்ப்பாயோடு சேர்த்துக் குத்தியிருந்தது. அவள் கத்தியிருக்கிறாள். ஊர் முழுக்க ஆள் இருந்தது, புருஷன் மூன்று முழ தூரத்தில் இருந்தான், யாருக்கும் கேட்கவில்லை. வலது கையால் மிஷினைத் தடவித் தடவிச் சக்கரத்தைக் கண்டுபிடித்து, மெள்ளச் சுற்றி, ஊசியைத் தானே மேலே தூக்கி விரலை எடுத்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் இன்னொருத்தி கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அர்த்தநாரி அவள் காலடியில் உட்கார்ந்து அந்த முந்தானையைப் பிரித்தான், விரலைப் பார்த்தான், அவன் நல்லாத் தூங்கியிருந்தான், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கே போலாம் அம்மிணி" என்றான்.

"மருந்து வந்துருச்சுங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருக்காது. வாயைத் திறந்தான். "வந்துருச்சு" என்றான்.

மறுநாள் காலையில் இருவரும் எடைமேடையைத் தாண்டும்போது மாதேசு நின்றுகொண்டிருந்தான். அவனுடைய தார்ப்பாயில்தான் ரத்தம் என்று அவனுக்குத் தெரியாது போல. அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, ராய்ப்பூருக்கு வண்டி எடுக்கோணும், ஒரே ஒரு வாரம் தள்ளிப் போனா..." என்று ஆரம்பித்தான். பிறகு வசந்தாமணியின் கையில் இருந்த கட்டைப் பார்த்தான். அவள் கண் அப்போது பாதி திறந்து படபடத்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சுங்க்கா?"

"ஊசி பட்டுருச்சு மாதேசு. நீ தூங்கிட்டு இருந்த" என்றாள்.

மாதேசு கக்கத்தில் இருந்த தலையணையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவர்கள் பஸ் ஏறுகிற வரைக்கும் நின்றான், பஸ் கிளம்பியதும் எடைமேடையில் ஏறித் துணியை அவிழ்த்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முந்தின தடவை போட்ட தேதியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "எப்பவோ வந்திருக்கணுமே. விடக் கூடாதுன்னு சொன்னேனே, ஏன் இவ்வளவு லேட்டு?"

"மருந்து..." என்றான் அர்த்தநாரி.

"மருந்துக்கு என்ன, அது எப்பவும் இங்க இருக்கே."

அர்த்தநாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி இமைகள் இறுகின முகத்தை டாக்டர் இருந்த பக்கம் திருப்பி, "நாந்தானுங்க டாக்டரம்மா தள்ளிப்போட்டேன்" என்றாள். "வேலை நெறைய இருந்துச்சு. இவரு கூப்புட்டுட்டேதான் இருந்தாரு."

டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார். கண்ணைவிட வேலை பெரிதா, விரலையும் குத்திக்கொண்டு வந்து நிற்கிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷர் கிடைத்தும் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஊசி போடும்போது அசையாமல் இருக்க அர்த்தநாரியைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இமையின் மெல்லிய தோலில் ஒவ்வொரு ஊசியாக இறங்கும்போதும் அவள் கை அவன் கைக்குள் இறுகியது, அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான், ஒரு ஊசியைக்கூட விடாமல் பார்த்தான்.

முடிந்ததும் கண்ணில் ஐஸ் ஒத்தடம் வைத்து, வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஐஸ் பையைக் கண்ணோடு பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. போகிற வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே அர்த்தநாரி பேசினான்.

"அம்மிணி, மருந்து எப்பவுமே இருந்துச்சு. நான் போனே பண்ணல. தூங்கோணும்னு பொய் சொல்லிப்போட்டேன். ஊருக்காகன்னு நெனச்சுட்டேன், ஊருக்காக இல்ல, எனக்காகத்தான்."

"தெரியுமுங்க."

"டாக்டரம்மா சொன்னதுலயா?"

"இல்லீங்க, மொதல் நாள்லயே. நீங்க தூக்கத்துல பேசுவீங்க. மருந்து இருக்குது அம்மிணி, மருந்து இருக்குது அம்மிணின்னு அழுவீங்க. நெதமும் அழுவீங்க. பேட்டையில முழிச்சிருக்கறவ நான் ஒருத்திதானுங்களே, நாந்தான கேக்கோணும்."

தன் குற்றம் தன்னோடு சேர்ந்து தூங்கிவிடுகிறது என்றுதான் அவன் நம்பியிருந்தான். நர்ஸ் ஒருத்தி டிரேயோடு அவர்களைக் கடந்து போனாள்.

"அப்பறம் ஏன் அம்மிணி ஒரு வார்த்த கேக்கல? எம்மேல கோவமே வரலியா?"

"தூக்கத்துல அழுவறவங்க மேல எப்படிங்க கோவப்படறது?" என்றாள் வசந்தாமணி. "முழிச்சிருக்கறப்ப ஒருக்காச் சொல்லட்டும், அப்பறம் கோவப்பட்டுக்கலாம்னு இருந்தேன்."

சொல்லிவிட்டு, அவன் கைக்குள்ளிருந்த தன் கையை மெள்ள உருவி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.